கத்தியின் முதுகு

தம்பியின் வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. தையல்காரர் இரண்டு முறை முயன்றார். பக்கத்தில் நின்றவரைத் தோளைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார், முழங்கையை மடக்கப் பார்த்தார். விறைத்துப்போன கை, உயிரோடு இருந்தபோது இருந்த அதே பிடிவாதத்தோடு நீட்டிக்கொண்டு கிடந்தது. முப்பத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவர். சொந்தத் தம்பிக்கு ஒரு சட்டையைப் போட்டுவிட முடியவில்லை.

"முதுகுப் பக்கம் வெட்டிட்டுப் போடுங்கண்ணே," என்றார் மீசை. தம்பியோடு பத்து வருடமாக வேட்டைக்குப் போய்வந்தவர் அவர். "எங்கப்பாவுக்கு அப்படித்தான் செஞ்சோம். முன்னாடி பாத்தா ஒண்ணும் தெரியாது."

"கத்தரிக்கோலைக் கடையில விட்டுட்டு வந்துட்டேன்."

சொன்ன பிறகு அவருக்கே நம்ப முடியவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பையில் கத்தரிக்கோல் இல்லாமல் படி இறங்காத ஆள்.

"இருங்க மாமா, வீட்டுல எதாவது இருக்கான்னு பாக்குறேன்." வாசற்படியில் நின்றிருந்த தம்பி மனைவி உள்ளே போனாள். அழுது அழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது. வண்டி நாலு மணிக்கு வரும். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால்.

அவள் வரும்வரை செய்ய ஒன்றுமில்லை. சட்டையோடு மல்லுக்கட்டியதில் தம்பியின் கட்டைவிரலில் இருந்த கட்டு அவிழ்ந்து தொங்கியது. விரல் சதையில் குறுக்கே ஒரு காயம். வீங்கிக் கறுத்திருந்தாலும் கோடு நேராகத் தெரிந்தது.

"முள்ளுக்கம்பி கிழிச்சுடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னான்," என்றார் மீசை.

"நீங்க கூடத்தானே இருந்தீங்க?"

மீசை உள்வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாங்க போன வழியில வேலியே இல்லண்ணே. அவன் பன்னியை உரிச்சுக்கிட்டிருந்தான், நான் தண்ணி எடுக்கப் போனேன். வந்து பாத்தா கையில துணி சுத்தியிருக்கு. கேட்டா முள்ளுக்கம்பிங்கிறான். செவ்வாக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து அரம் வேணும்னு கேட்டான். கண்ணெல்லாம் செவந்து கிடந்துச்சு. போய்ப் படுடா மொதல்லன்னேன். கேட்டாத்தானே. அரத்தை வாங்கிக்கிட்டுத்தான் போனான்."

துணி வெட்டுகிறவனுக்குக் கிழிசலுக்கும் வெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? முள்ளுக்கம்பி பிய்க்கும், சதை பிசிறு பிசிறாக நிற்கும். இது வெட்டு. எதன் வெட்டு என்பதும் அவருக்கு ஆஸ்பத்திரியில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. நேற்று முழுக்க அந்தக் கோடுதான் கண்ணுக்குள் நின்றது. கண்ணை மூடினாலும் போகவில்லை.

தம்பியின் பழைய கத்தி உடைந்தபோது, "கடையில வாங்காதடா, நான் செஞ்சு தரேன்," என்று வாயை விட்டவர் இவர்தான். வாழ்நாளில் ஒரு கத்தி செய்ததில்லை. அட்டையில் மாதிரி வெட்டத் தெரிந்தவன் எதையும் செய்துவிடுவான் என்று ஒரு திமிர். தம்பியைக் கடைக்கு வரவழைத்து, இளக்கிய மெழுகை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிந்த பள்ளங்களை நாடா வைத்து அளந்தார்.

"என்னண்ணே, கத்திக்குக் காலர் வெக்கப் போறியா?" என்று தம்பி சிரித்தான்.

பிடி என்னவோ அவன் கைக்கென்றே பிறந்த மாதிரி அமைந்தது. தப்பு அலகில். சட்டை முதுகை வெட்டும்போது தையல்காரன் அட்டையை இரண்டாக மடித்துப் பாதியைத்தான் வரைவான். வெட்டி விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். கை பழகிய பழக்கம், கத்திக்கும் மடித்தே வெட்டினார். விரித்துப் பார்த்தபோது நடுவில் மடிப்புக் கோடு, இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாத வளைவு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

பழைய ரம்பத் தகட்டோடு அந்த அட்டையைக் கொடுத்தபோது பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கூரா? தோல் உரிக்கிற கத்தின்னா முதுகு மொண்ணையா இருக்கணுமே. கட்டைவிரலை அங்கதான் வெச்சு அழுத்துவாங்க."

"அட்டையில எப்படி இருக்கோ அப்படியே வெட்டுங்க," என்றார் இவர். என் வெட்டை இவன் என்ன திருத்துவது என்று நினைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி கடைக்கு வந்தான். வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. டீயை இடது கையில் வாங்கினான்.

"கத்தி எப்படிடா இருக்கு?"

"சொல்லவே வேணாம். நீ பேசாம மிஷினைத் தூக்கிப் போட்டுட்டு இதையே தொழிலா வெச்சுக்க."

"கையில என்னடா?"

"குளிருதுண்ணே."

இவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. குளிருகிற நாளா அது? அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கலாம். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புண்ணிலிருந்து விஷம் ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது, மூன்று நாள் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்று நாள் முன்னால் அவன் அண்ணன் கடையில் நின்று கத்தியைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.

அவளிடம் சொல்லிவிட வேண்டும், வண்டி வருவதற்குள். அப்புறம் வாய் வராது. அவள் கரித்துக் கொட்டட்டும், இனி இந்த வாசலை மிதிக்காதீர்கள் என்று சொல்லட்டும். அவள் மாமா, மாமா என்று கூப்பிடுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கத்தரிக்கோல் கிடைக்கல மாமா," என்று அவள் வந்தாள். "அவரு பையில நீங்க செஞ்ச கத்திதான் இருந்துச்சு."

"பாத்தும்மா, ரெண்டு பக்கமும்..." அதற்குமேல் தள்ளிப்போடாமல் சொன்னார். "அந்தக் காயம் முள்ளுக்கம்பி இல்லம்மா. இந்தக் கத்தி. முதுகுலயும் கூர் வெச்சவன் நான்தான். பட்டறைக்காரர் வேணாம்னு சொன்னாரு, நான் கேக்கல. என்னாலதான் அவன் போனான்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கத்தியைப் பார்த்தாள். கட்டைவிரலை அதன் முதுகில் வைத்து நுனிவரை அழுத்தி இழுத்தாள். தடுக்கப் போன அவர் கை பாதியில் நின்றது.

"எங்க மாமா கூர்? மொண்ணையாத்தானே இருக்கு." விரலை அவர் முன்னால் நீட்டினாள். ஒரு கீறல் இல்லை. "நீங்களா எதையாவது நினைச்சு மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

கத்தியை வாங்கிப் பார்த்தார். முதுகு நெடுக அரத்தால் தேய்த்திருந்தது. கோணலும் மாணலுமான வேலை, இடது கையால் செய்த வேலை. அவர் மடித்து வெட்டிய வளைவு ஒரு பக்கத்தில் இல்லவே இல்லை.

"இல்லம்மா, இது முன்னாடி இப்படி இல்ல." அவர் மீசையைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அங்க வேலி இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க."

மீசையின் கண் கத்தியின் முதுகில் இருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருந்துச்சுண்ணே," என்றார். "ஓடைப் பக்கம் ஒரு வேலி இருந்துச்சு. எனக்குத்தான் மறந்துபோச்சு."

தையல்காரர் சட்டையை மேசையில் கவிழ்த்து விரித்து, காலருக்குக் கீழே கத்தியை வைத்தார். கட்டைவிரல் தானாகப் போய் முதுகில் உட்கார்ந்தது. அழுத்தினார். துணி நேராகப் பிளந்தது. இன்னும் அழுத்தினார், தேவைக்கு மேலேயே அழுத்தினார். கீழ் விளிம்புவரை வெட்டி முடித்தார்.

பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. சட்டை இரண்டு பாதியாக ஏறியது. தம்பி விரலின் கட்டை அவள் மறுபடி சுற்றினாள். அவர் பொத்தான்களைப் போட்டு, காலரைச் சரிசெய்து, ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகினார். முன்னாலிருந்து பார்த்தால் முழுச் சட்டைதான்.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். ரத்தம் இல்லை. அரத்தின் கோடுகள் மட்டும் சாய்வாகப் பதிந்திருந்தன. அவள் திரும்புவதைப் பார்த்ததும் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வெளியே வண்டி வந்து நின்றது.

"ஒரு கை பிடிங்கண்ணே," என்றார் மீசை.

தையல்காரர் இடது கையை நீட்டினார்.