சீனிக்குத் துணை

கூட்டை வினாகிரித் தண்ணீரால் மூன்று தடவை கழுவியாயிற்று. கம்பிகளில் பழைய வாசம் தங்கக்கூடாது. தங்கினால், இது என் இடம் என்று ஒரு பிராணி மற்றதைக் கடிக்கும். ஜெமீலா புதுப் பலகைகளைத் தட்டுகளாகப் பூட்டினாள். ஒளிந்துகொள்ள இரண்டு மரப்பெட்டிகள். ஒன்று மற்றதை மூலையில் மடக்காதபடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். தீனிக் கிண்ணம் இரண்டு, தண்ணீர்ப் போத்தல் இரண்டு.

வேலையை மெதுவாகச் செய்தாள். கூடு முடிந்தால் புருஷன் மஜீட் இந்த அறைக்குள் வருவார்.

ஒன்பது வருடம் டோஹாவில் இருந்தவர். அங்கே போகிற வாரம், அவள் தனியாக இருக்கக்கூடாது என்று சீனி என்ற சின்சில்லாவைக் குட்டியாக வாங்கிக் கொடுத்தார். சின்சில்லா குளிர்மலைப் பிராணி. பார்க்க முயலும் எலியும் கலந்தமாதிரி இருக்கும். காத்தான்குடி வெயிலில் அரை நாள் தாங்காது. சீனிக்காகத்தான் அறைக்கு ஏசி.

கடைசி இரண்டு வருடம் அவரிடமிருந்து ஒரு போன் கோல் இல்லை. ஒரு மாதத்துக்கு முன் கையில் பெட்டியோடு வாசலில் நின்றார். உள்ளே இன்னொரு சின்சில்லா. "சீனிக்குத் துணை. பேரு சாம்பல்" என்றார். கொழும்பிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில், அடைத்த பெட்டிக்குள் வந்த பிராணி. அதற்கு மூச்சுக்கூட இரைக்கவில்லை.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. உம்மா சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டில் கதவைத் திறக்கவேண்டியவள் ஜெமீலாதான். இரண்டு வருடம் ஏன் பேசவில்லை என்று கேட்டாள். "போன் காணாமப் போயிட்டு" என்றார், அவ்வளவுதான். முகம் அவருடையது. குரலும். ஆனாலும் அறைக்குள் விட அவளுக்கு மனம் வரவில்லை.

"இதுகள் ரெண்டும் ஒரு கூட்டுக்குள்ள சேரட்டும். அப்ப நீங்களும் உள்ள வாங்க" என்று சொல்லிவைத்தாள். அவர் சிரித்தார். அறைக்கு வெளியே ஹோலில் பாய் போட்டுக்கொண்டார்.

இன்று காலை தங்கை அஸீமா எட்டிப் பார்த்தாள். "எலிக்கு ஏசி, மச்சானுக்குப் பாயா ராத்தா? நல்ல ஞாயம்!"

"வாய மூடு புள்ள."

"ஃபேன் கூடப் போடாமக் கிடக்காரு. உடம்பில போட்ட சேட்டு வேர்வையில நனையவே இல்ல. என்ன மனிசன்!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜெமீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வாரமாக இரண்டு கூடுகளையும் பக்கத்தில் வைத்து, ஒன்றின் துணியை மற்றதற்கு மாற்றிப் போட்டுவந்தாள். வாசத்தில்தான் அதுகள் ஒன்றையொன்று அறியும். சாம்பலின் துணியை, அங்கே ஒன்றும் கிடக்காததுபோல, சீனி மிதித்துக்கொண்டு போனது. ஜெமீலா எடுத்து மோந்தாள். புல் வாசம் இல்லை, மூத்திர வாசம் இல்லை. புதுத்துணிக்குக்கூட ஒரு வாசம் உண்டு. பிறகு மஜீட் கழற்றிப்போட்ட சேட்டையும் மோந்தாள். அதுவும் அப்படித்தான்.

ஆனால் சீனி பழகிவிட்டது. நாலு நாளாகத் தரையில் இரண்டும் ஒன்றாகத் திரிந்தன. கடி இல்லை, ரோமம் பறக்கவில்லை. நேற்று ஒட்டிப் படுத்துத் தூங்கின. சாக்குச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. கடைசித் தட்டையும் பூட்டி, இரண்டையும் உள்ளே விட்டாள்.

கழுவுவதற்காகச் சீனியின் பழைய துணியை எடுத்தாள். பழக்கத்தில் மூக்கு அதில் பட்டது.

ஒன்றுமில்லை.

சீனியைத் தூக்கிக் கழுத்து ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். ஒன்பது வருடமாக அங்கே காய்ந்த புல்லின் வாசம் இருந்தது. இப்போது இல்லை. விரலைக் கொடுத்தால் எப்போதும் மெல்லக் கடிக்கும். இப்போது விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே விட்டதும் சாம்பலிடம் போய் ஒட்டிக்கொண்டது.

பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு ஒலித்தது. கதவுக்கு அப்பால் மஜீட்டின் குரல். அவர் வந்த காலடி கேட்கவில்லை.

"முடிஞ்சிட்டா புள்ள?"

"ஓம்."

"ரெண்டும் சேந்திட்டா?"

"சேந்திட்டு."

"அப்ப திற."

கதவைத் திறந்தாள். வாவிப் பக்கமிருந்து வந்த காற்றும் சூடாக முகத்தில் அடித்தது. மஜீட் தலையணையோடு நின்றார். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. அவள் கூட்டைச் சில்லுகளில் உருட்டி அவர் காலடிவரை தள்ளினாள்.

"எல்லாம் உள்ள இரிக்கி. புல்லு, தண்ணி."

"இந்தச் சூட்டுக்குச் சீனி செத்திரும் புள்ள."

அவள் சீனியைப் பார்த்தாள். காது சிவக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை.

"சாகாது" என்றாள். குரல் உடைந்தது. "கூட்டிட்டுப் போங்க. இது என்ட வீடு."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவோடு சாய்ந்து தரையில் இருந்தாள்.

வெளியே கூடு உருளவில்லை. மஜீட் "சீனி" என்று கூப்பிட்டார். கம்பியில் நகம் உரசியது. "சாம்பல்" என்றார். மறுபடியும் உரசியது.

பிறகு அதே குரலில், அதே அன்போடு, "ஜெமீலா" என்றார்.

'ஓம்' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் தானும் அதுகளோடு சேர்ந்ததாகிவிடும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.