மேட்டில் வெடித்த மண்

ஐம்பத்தேழு என்று வந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி செய்தாள், ஐம்பத்தெட்டு. மூன்றாம் முறை குடுவையை மாற்றினாள், கரைசலைப் புதிதாகக் கலக்கினாள், மிதவையைக்கூட வேறு எடுத்துக்கொண்டாள். ஐம்பத்தேழிலேயே வந்து நின்றது.

மண் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. பைகளில் வரும் மண்ணைக் காயவைத்து, இடித்து, சலித்து, உப்புக் கரைசலில் கலக்கி உயரமான கண்ணாடிக் குடுவையில் நிறுத்துவாள். மணல் உடனே அடியில் போய் உட்கார்ந்துவிடும். வண்டல் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கும். களி மட்டும் மணிக்கணக்கில் தண்ணீரிலேயே தொங்கும். எவ்வளவு தொங்குகிறது என்பதை மிதவை காட்டிக் கொடுத்துவிடும். யார் என்ன சொன்னாலும் சலித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர்.

நூற்றுக்கு ஐம்பத்தேழு பங்கு களி. அதுவும் மலைச்சரிவிலிருந்து வந்த மண். மழை அத்தி பூத்தாற்போல் பெய்கிற வறண்ட மலை. அச்சான வரைபடத்தில் அந்த மலை முழுக்க ஒரே நிறம்தான்: சரளை கலந்த செம்மண், களி இருபது பங்கு. அந்த வரைபடத்தை வரைந்தவனும் அந்நியன் இல்லை. அதே கட்டடத்தில், அவள் தலைக்கு மேலே மாடியில் உட்கார்ந்திருக்கும் சொந்த அண்ணன்.

இன்னொரு சோதனையும் பாக்கி இருந்தது. ஈர மண்ணைக் குழைத்து, கையகல நீளமுள்ள பித்தளை அச்சில் நிரப்பிக் காயவிட வேண்டும். மறுநாள் காலையில் கதவைத் திறந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அச்சிடம் போனாள். மண் கட்டை ஒரு விரல் கனத்துக்குமேல் சுருங்கி, வில்லாக வளைந்து, அச்சை விட்டே எழும்பி நின்றது. அச்சைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடி ஏறினாள்.

மண்ணைத் திருகித் துளைக்கிற கம்பி இல்லாமல் வாசலைத் தாண்டாத அண்ணனுக்கு அலுவலகத்தில் 'துளைக்கம்பி' என்று பெயர். அவன் எண்ணைப் பார்த்தான், அச்சைப் பார்த்தான், பை மாறிப்போயிருக்கும் என்றான். மூன்று தடவை செய்தேன் என்றாள் அவள்.

"அப்ப உன் தலையில இருக்கிறதைத்தான் அளந்திருக்க" என்றான்.

மாடி முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "சரிண்ணா, அந்த மலையில நீ எத்தனை குழி வெட்டின?"

அவன் குழியே வெட்டவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆறு இடத்தில் கம்பியை இறக்கிப் பார்த்ததோடு சரி.

சண்டை அலுவலகத்தின் இயக்குநர் அம்மாவிடம் போனது. அந்தச் சரிவில்தான் நகரத்துக்குக் குடிநீர்த் தொட்டி கட்டப் போகிறார்கள். இந்த வரைபடத்தை நம்பித்தான் பொறியாளர்கள் அடித்தளம் போடுவார்கள். மண் இப்படிச் சுருங்கி விரிந்தால் தொட்டி ஒரே வருடத்தில் பிளந்துவிடும். அண்ணனும் லேசில் விடவில்லை. வெடிக்கிற களி என்றால் கரிசல், கரிசல் என்றால் கறுப்பு, அது தாழ்வான சமவெளியில் கிடக்கும், இதுவோ மேட்டில் கிடக்கிற செம்மண் என்று வாதாடினான். இயக்குநர் அம்மா வகைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். நிறத்தையும் உயரத்தையும் புத்தகம் கேட்கவே இல்லை. களி முப்பது பங்குக்குக் குறையக் கூடாது. காய்ந்தால் வெடித்து, நனைந்தால் மூட வேண்டும். முதல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள், குறைந்தது கால் மீட்டர் கனத்துக்கு, மண்மேல் மண் வழுக்கித் தேய்த்த பளபளப்பு இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் அது வெர்ட்டிசால், தன்னைத்தானே புரட்டிப் போட்டுக்கொள்ளும் மண்.

"களி இருக்கு. மத்தது இருக்கான்னு இங்க உக்காந்து பேசினா தெரியாது" என்றார் அவர். "நாளைக்கு மழைன்னு சொல்றாங்க. நனைஞ்சுட்டா வெடிப்பு மூடிக்கும், அப்புறம் அடுத்த கோடை வரைக்கும் உங்க சண்டை தீராது. காலையிலயே ரெண்டு பேரும் கிளம்புங்க."

பதினோரு வருடத்தில் அவள் வெளிவேலைக்குப் போனதே இல்லை. அவளுக்குத் தெரிந்த மண்ணெல்லாம் பையில் வந்த மண்தான்.

ஜீப்பில் ஓட்டுநரும், குழி வெட்டுவதற்காகக் 'கடப்பாரை' என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆளும் வந்தார்கள். சண்டை போட்டாலும் சேர்ந்து சாப்பிடட்டும் என்று அண்ணி இருவருக்கும் ஒரே டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தாள். மலையேறும் தடம் முடிகிற இடத்தில் அண்ணன் இறங்கி, பழைய குறிப்பேட்டைப் பார்த்து, இங்கேதான் என்று காலால் கோடு கிழித்தான். ஒரு முழம் போவதற்குள் கடப்பாரையின் கையிலிருந்த இரும்பு பாறையில் மோதிக் கணீரென்றது. குழிக்குள் பொடிப்பொடியான செம்மண், சரளை, அதற்குக் கீழே பாறை. அண்ணன் ஒரு பிடி அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தா, உன் களிமண்."

அவள் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் விரல்களுக்கிடையில் மண்ணைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே, அந்தப் பை மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று கடப்பாரையிடம் கேட்டாள். எடுத்தது அவர்தான். அவர் கையை நீட்டிக் காட்டினார். தடத்திலிருந்து நன்றாகக் கீழே, சரிவு தொப்பை போட்டதுபோல் புடைத்திருந்த ஓரிடம். அங்கே பாறை இப்படி இருக்காது, நகத்தால் கீறினாலே உதிர்கிற சாம்பல் கல் என்றார். அண்ணனின் ஆறு துளைகளும் ஜீப் போகிற தடத்தை ஒட்டியே இருந்தன என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். குறிப்பேட்டைச் சட்டென்று மூடினான்.

அவள் காத்திருக்கவில்லை. முட்புதரை விலக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். இருநூறு அடி போயிருப்பாள். வலது கால் தரைக்குள் போய்விட்டது.

அவள் போட்ட கூச்சலில், பாம்பாக இருக்கும் என்று அண்ணன் துளைக்கம்பியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தான். வந்தவன் பார்த்தது, தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கும் தங்கையை. அவள் கால் கணுக்கால்வரை ஒரு வெடிப்பில் மாட்டியிருந்தது. காய்ந்த புல்லை விலக்கிப் பார்த்தால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று, சரிவு முழுக்க நான்கு விரல் அகலத்தில் வாய் பிளந்து கிடந்தது செம்மண்.

அண்ணன் குப்புறப் படுத்து, அளவுக் கம்பியை வெடிப்புக்குள் இறக்கினான். கம்பி போய்க்கொண்டே இருந்தது. எழுபத்திரண்டு சென்டிமீட்டரில் நின்றது. மண் ஒட்டிய முகத்தோடு நிமிர்ந்து பார்த்தான்.

"கடப்பாரையைக் கூப்பிடு. சீக்கிரம்."

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. ஓட்டுநர் கையிலும் ஒரு மண்வெட்டியைத் திணித்தான், தானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மேல் மண் பொரபொரவென்று உதிர்ந்தது. அதற்குக் கீழே கட்டி கட்டியாக, ஆப்பு செதுக்கியதுபோல் சரிந்த முனைகளோடு வந்தது. நாற்பத்தைந்து சென்டிமீட்டரில் கடப்பாரை ஒரு பெரிய கட்டியை நெம்பி மேலே போட்டார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பிளந்தாள்.

உள்ளே பளபளவென்று இருந்தது. எண்ணெய் தடவித் துடைத்ததுபோல் வழவழப்பு, அதன்மேல் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள். மழைக்கு மழை மண் உப்பி, ஒன்றையொன்று நெருக்கி, வழுக்கி, உரசி உண்டான முகம். இதைப் படத்தில் பார்த்திருக்கிறாள், தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறாள். அவளிடம் வருகிற மண்ணெல்லாம் இடித்துத் தூளாக்க வந்த மண். முகம் என்று ஒன்று இருப்பதை விரலால் தடவிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கட்டியை அண்ணனிடம் நீட்டினாள். அவன் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிவிட்டு, "இன்னும் இருபத்தஞ்சு வேணும்" என்றான்.

நாற்பத்தைந்திலிருந்து எழுபதுவரை இந்தப் பளபளப்பு விட்டுப்போகாமல் இருந்தால்தான் செல்லும். ஐம்பதில் இருந்தது. ஐம்பத்தைந்திலும் இருந்தது. அறுபத்திரண்டில் முதல் துளி கடப்பாரையின் முதுகில் விழுந்தது. அவர் நிமிரவே இல்லை. அவள் மேலே வெடிப்புகளின் அகலத்தை அளந்து அளந்து கத்த, ஓட்டுநர் எழுதினார். மை கரையத் தொடங்கியதும் பென்சிலுக்கு மாறினார். குழிச்சுவரில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு அண்ணன் படம் எடுத்தான், சட்டை நுனியால் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான்.

"எழுபது" என்றார் கடப்பாரை.

"பளபளப்பு?"

"இருக்கு சார்." இன்னும் இரண்டு நெம்பு நெம்பினார். "எழுபத்தெட்டு வரைக்கும் இருக்கு."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநருக்கு வகைப்பாடு பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோரையும்விட அவர்தான் அதிகமாகக் கை தட்டினார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காலையில் கல்லாக இருந்த தரை பத்து நிமிடத்தில் பசையாகிவிட்டது. செருப்பில் ஒட்டிய களி அடிக்கு அடி கனத்து, ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. ஜீப் இருந்த இடம்வரை ஏற அரை மணி நேரம் ஆயிற்று. இருந்தது ஒரே குடை. அண்ணன் அதைக் கட்டிகள் இருந்த கூடைக்குப் பிடித்துக்கொண்டு நடந்தான். தங்கை நனைவதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. அவளுக்கும் இல்லை. வழியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் மத்தியானம் யாருமே சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் இயக்குநர் அம்மா கட்டி ஒன்றைத் தானே பிளந்து, சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கே பொறியாளர்களுக்குத் தொலைபேசி போயிற்று. தொட்டியை மேலே பாறை உள்ள இடத்துக்கு மாற்றச் சம்மதித்தார்கள். இரண்டு மாதம் கழித்து வகைப்பாட்டுக் குழு வந்து, குழியைப் பார்த்து, எண்களைப் பார்த்து, சிவப்பு வெர்ட்டிசால் என்று தனி வகையாகவே பதிவு செய்தது. வரைபடத்தில் அந்த மலையின் பழைய நிறத்தைச் சுரண்டி எடுக்கும் வேலையை அண்ணன் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஆறு துளையை நம்பி ஒரு மலையையே மூடிவிட்டேன் என்று குழுவின் முன்னால் அவனே சொன்னான். அவள் அதை எதிர்பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் இயக்குநர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "இது எங்க முடியுது?"

அதைக் கண்டுபிடிக்க அவளையே அனுப்பினார்கள். ஆய்வகத்தை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, பத்து நாள் வர மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அண்ணனோடு கிளம்பினாள். எந்தப் பக்கம் தொடங்குவது என்பதிலேயே சண்டை வந்தது. ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இப்போது அவளுக்குக் குடுவை தேவைப்படவில்லை. கல் மாறுகிற இடம், புல் அடர்கிற இடம், காலடியில் மண் மெத்தென்று கொடுக்கிற இடம் எல்லாம் தெரிந்தது. நான்காம் நாள் மத்தியானம் ஓடையின் எதிர்க்கரையிலிருந்து அண்ணன் இரண்டு கையையும் ஆட்டினான். காற்றில் பாதிதான் கேட்டது.

"இங்கயும் இருக்குடி. அடுத்த மலைக்கும் போகுது."

அவள் எல்லை குறிக்க வைத்திருந்த முளைக்குச்சிக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினாள்.