உதடு மூடியிருந்த இடம்

1

இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. தப்பு யாருடையது என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு...’ மழையும் இல்லை, மாலையும் இல்லை. காலை பத்தரை மணி, ஏ.சி. கெட்டுப்போயிருந்தது. அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம்: ‘கலைக்கு நிறம் உண்டா?’ எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது இது: கும்பல் அக்கா ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் பொய் இல்லை. இங்கிருந்தே போவோம்.

2

கும்பல் அக்கா குரல் கொடுப்பவர். வெளிநாட்டுப் படங்களைத் தமிழ் பேசவைக்கும் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. ஆனால் கதாநாயகிக்குப் பேசியதில்லை. சந்தையில் ஒருத்தி, ரயிலில் ஒருத்தி, ‘ஐயோ தீ, தீ’ என்று ஓடுபவர்களில் ஒருத்தி. கணக்குப் பார்த்தால் நாற்பது தீ விபத்தில் அலறியிருப்பார். ‘கும்பல்’ என்ற பெயர் அப்படி வந்தது.

அவர் வந்தது நடிக்கத்தான். “கறுப்பா இருந்தாலும் களையாத்தான் இருக்கே, ஆனா...” என்றார்கள். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு மைக் இருக்கும் பக்கம் கை காட்டினார்கள்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: ‘இருந்தாலும்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் மகா கெட்டிக்காரர். சொன்னவர் பாராட்டிவிட்டதாகவே நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போவார். வாங்கிக்கொண்டவர்தான் தூங்கமாட்டார்.)

கத்திக் கத்தித் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். ஆறு வாரம் மௌனம், எது வேண்டுமானாலும் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், இரவு வேலை. “கல்யாணமாகி இருபது வருஷத்துல இப்பத்தான் நான் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிக்கிறேன்” என்றார். நோட்டு பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது.

இரண்டாவது வாரத்தில் கணவர் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அக்கா படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. குரல் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று நோட்டில் எழுதி, அவருக்குக் காட்டாமலே கிழித்துப் போட்டிருந்தார்.

3

கணவர் பகலில் தூங்குவதால் டி.வி.யில் சத்தம் வைக்க முடியாது. அப்படிச் சத்தமில்லாமல் ஓடிய ஒரு படத்தில்தான் அக்கா அந்த நடிகையைப் பார்த்தார். கறுப்பினப் பெண், ஐம்பதைத் தாண்டியவர். ஏதோ ஓர் அலுவலகத்து நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி ஒருவர் என்னவோ சொல்லிக்கொண்டே போகிறார். இவர் கேட்கிறார். அவ்வளவுதான். உதடு மூடியிருக்கிறது, தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்குகிறது.

அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த முகத்துக்கு யாரோ பார்த்துப் பார்த்து விளக்கு வைத்திருந்தார்கள். வெளுப்பாக்கும் விளக்கு இல்லை, அந்த நிறம் மினுங்கும்படி வைத்த விளக்கு. ‘இருந்தாலும்’ என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. மறுநாள் அக்கா தலைக்குக் குளித்தார், ஜன்னலைத் திறந்தார், அந்த நடிகையின் இன்னொரு படத்தைத் தேடினார். நான்கு வாரத்தில் பதினொரு படம். எல்லாம் சத்தமில்லாமல். பாஷையும் தெரியாது. நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறார்: ‘இவங்க கேக்கறதே நடிப்பு.’

கணவர் அலாரம் வைத்துச் சீக்கிரம் எழ ஆரம்பித்தார். “இன்னிக்கு உங்க ஆளு என்ன படம்?” என்று கேட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். ஆறு வாரம் முடிந்த அன்று முதன்முறையாகச் சத்தம் வைத்தார்கள். அந்த நடிகைக்கு மெல்லிய குரல், நூல் மாதிரி. டாக்டர் ஒரே ஒரு சொல் பேசிப் பார்க்கச் சொல்லியிருந்தார். கணவர் தன் பேரைத்தான் சொல்வாள் என்று காத்திருந்தார். அக்கா டி.வி.யைப் பார்த்து “நன்றி” என்றார்.

[இங்கே கண்ணீர் வைக்கலாமா என்று யோசித்தேன். அவர் அழவில்லை. வைக்கவில்லை.]

4

டைரக்டரை, அதாவது குரல் பதிவை நடத்துபவரை, முதல் வரைவில் வில்லனாக்கியிருந்தேன். விரலுக்கு ஒரு மோதிரம்கூடப் போட்டுவிட்டேன். கழற்றிவிட்டேன். அதே நடிகையின் அதே படம் கூடத்துக்கு வந்தபோது, “கும்பல் அக்கா பேசட்டும்” என்றவரே அவர்தான். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

“கட்டைக் குரல்ல, கொஞ்சம் கரகரன்னு பேசுங்கம்மா. கறுப்பு அம்மா இல்லையா, அப்பத்தான் பொருந்தும்.”

“அவங்க குரல் அப்படி இல்ல சார். ஒரு தடவை சத்தமா வெச்சுக் கேளுங்களேன்.”

“நம்ம ஜனங்க அதைக் கேக்கவா போறாங்க?”

கிடைக்காமல் கிடைத்த வாய்ப்பு. அக்கா கட்டைக் குரலில் பேசினார். அலுவலகக் காட்சி வரை பேசினார். அங்கே அதிகாரி பேசி முடித்ததும் அந்த நடிகை சொல்வது ஒரே ஒரு ‘ம்’. வசனத் தாளில் இருந்ததோ: ‘எனக்கு எல்லாம் புரிகிறது. ஆனால் நான் ஓயமாட்டேன்.’

“சார், உதடு மூடியிருக்கு.”

“தலை அசையுதுல்ல? அது மேல வசனத்தை ஏத்திடலாம்.”

“மூடின வாய்ல இவ்வளவு வார்த்தை எப்படி சார் வரும்?”

சொல்லிவிடுகிறேன். அதை எழுதியவன் நான். அந்த இடத்தைச் சும்மா விட்டால் வேலை செய்யாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து நிரப்பினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். “நல்ல வசனம்தான் சார். ஆனா அவங்க சொல்லலையே.”

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சொன்னபடி ஒன்று, அக்கா சொன்னபடி ஒன்று, இரண்டும் எடுத்துவைக்கலாம் என்றார். இரண்டாவதில் அக்கா தன் சொந்தக் குரலில், அந்த நூல் அறுந்துவிடாதபடி பேசிவந்து, “ம்” என்றார்.

தமிழனுக்கு ‘ம்’ சொல்லித்தர வேண்டியதில்லை. கதை கேட்கும்போது கொட்டுவது ஒன்று, சண்டையில் முறைத்துக்கொண்டு சொல்வது ஒன்று. இது இரண்டுமாக இருந்தது. என் வசனம் முழுவதும் அதற்குள் இருந்தது, என் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல்.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவைத்தார். “முதல்ல பேசினதுதான் போகுதுன்னா படத்துல என் பேரை எடுத்துடுங்க சார். அவங்களைக் கேலி பண்ண மாதிரி ஆயிடும்.” பதினெட்டு வருடத்தில் முதன்முறையாகத் திரையில் வர இருந்த பெயர்.

5

முடிவுகள்.

(அ) டைரக்டரின் கண் கலங்குகிறது, எழுந்து கை தட்டுகிறார். [தட்டவில்லை.]

(ஆ) அக்காவை வெளியே அனுப்புகிறார், அவர் மறுபடி தீ விபத்துகளுக்கே... [இல்லை. “சாப்பிட்டு வாங்கம்மா” என்றுதான் சொன்னார்.]

(இ) அந்த நடிகை இதைக் கேள்விப்பட்டுக் கடிதம் எழுதுகிறார். [இது கணவரின் விருப்பம். சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்.]

நடந்தது இது. இன்று காலை டைரக்டர் எனக்கு போன் செய்தார். “எழுத்தாளரே, இன்னிக்கு முடிச்சுக் குடுக்கணும். முதல்ல எடுத்ததையே வெச்சுக்கலாம்ல? உங்க வசனமாச்சே.”

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய வசனம். எனக்கும் பிடித்த வசனம்தான்.

“ம்ஹூம்” என்றேன்.

“பாக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

இதற்கு மேல் என்னிடம் கதை இல்லை. நன்றி மட்டும் இருக்கிறது. அக்காவை எழுந்து உட்காரவைத்த அந்தத் தூரத்து அம்மாவுக்கு, அவருக்கு இது தெரியப்போவதே இல்லை. பேசாமல் விடவேண்டிய இடத்தை எனக்குக் காட்டிய அக்காவுக்கு. அக்காவின் உண்மைப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, திரையில்தான் அது முதலில் வரவேண்டும்.

ஆகவே மீதி உங்கள் கையில். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அந்த நடிகையின் பெயருக்கு எதிரே ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.