திரையின் இரண்டு ஓரங்கள்

பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததோடு நிற்கவில்லை. கட்டிக்கொண்டு குடித்தனமும் நடத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் இருதயநாதன், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். எங்கள் மகள் ஆஷ்லின் கல்லூரி விடுதிக்குப் போகும்போது கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, போகிற போக்கில் அப்பாவுக்கு ஒரு கார்ப் பந்தய விளையாட்டையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். அதோடு போச்சு. தவக்காலத்தில் மனுஷர் கறியை விட்டார், டீயை விட்டார், இதை மட்டும் விடவில்லை. கேட்டால், "அது ஊருக்கு ஓட்டறது மேரி, இது எனக்கு" என்பார். மேரி என்பது நான். முழுப்பெயர் லூர்துமேரி.

2012ஆம் வருஷம் அந்த விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது. இருபது வருஷமாக ஒரு கோழியைக்கூட இடிக்காதவர், அடுத்தடுத்து இரண்டு தடவை வண்டியை உரசிவிட்டார். முதல் தடவை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணில். இரண்டாவது தடவை கூட்டேரிப்பட்டில், ஓரமாக நின்ற மல்லாட்டை வண்டியில். வறுத்த வேர்க்கடலை ரோடெல்லாம் சிதறியது. நல்லவேளை, வண்டிக்காரர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். முதலாளி வேங்கடேசன் நல்ல மனிதர்தான். ஆனாலும் கூப்பிட்டு, "இன்னொரு கோடு விழுந்துதுன்னா சாவிய குடுத்துட்டுப் போய்க்கினே இரு நாதா" என்று சொல்லிவிட்டார்.

இவரோ மல்லாட்டை வண்டிக்காரர்தான் ரோட்டுக்குள் தள்ளி நிறுத்தியிருந்தார் என்று சாதித்தார். வெளியில் சாதித்தாரே தவிர உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தார். தன் கை இன்னும் கைதான் என்று தனக்கே காட்டிக்கொள்ள, சாயந்திரமானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பந்தயம் ஓட்டினார். ஜெயித்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும். தோற்றால் சாம்பாரில் உப்பு இல்லை என்பார். ஸ்டியரிங் போய்விட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்கு ஓயாத கவலை. அதனால் அந்தப் பொம்மைக் கார் ஜெயிக்க வேண்டுமென்று மாதாவிடம் வேண்டிக்கொண்டவளும் நான்தான். சிரிக்காதீர்கள்.

இந்த நேரம் பார்த்துப் பழைய குண்டு மானிட்டர் உயிரை விட்டது. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தம்பி அந்தோணி பிரபு, புதிதாக ஒரு தட்டை மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினான். நீளவாக்கில் அகலமாக, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அவன் பஸ் ஏறிப் போனதும் இவர் விளையாட்டைப் போட்டார். போட்டவர் முகம் சுருங்கிவிட்டது.

"மேரி, இங்க வந்து பாரு. டயரு இன்னாத்துக்கு நசுங்கிப் போயிருக்குது?"

பார்த்தேன். கார் பிள்ளைத்தாச்சி மாதிரி பக்கவாட்டில் பெருத்திருந்தது. சக்கரம் வட்டமாக இல்லை, முட்டையைப் படுக்கப் போட்டது போல இருந்தது. ஒரு டிரைவருக்கு வட்டமில்லாத சக்கரத்தைக் காட்டினால் எப்படியிருக்கும்? அவர் அந்தக் காரை எடுக்கவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

பிரபுவுக்குப் போன் போட்டேன். "அந்த கேம் பழசுக்கா. சதுர மானிட்டருக்கு செஞ்சது. புது மானிட்டரு அகலம், அதுக்கு ஏத்தாப்போல படத்த இழுத்து விட்டுடுது. நான் சொல்ல சொல்ல மவுஸ அமுக்கு" என்றான். கிராபிக்ஸ் அமைப்புக்குள் போகச் சொன்னான். அங்கே ஸ்கேலிங் என்று ஒன்று இருந்தது. படத்தைத் திரை முழுக்க இழுப்பதா, அதன் அகல உயர விகிதம் கெடாமல் வைப்பதா என்று கேட்டது. இரண்டாவதை அமுக்கினேன். திரை ஒரு தடவை இருண்டு மறுபடி வந்தது. சக்கரம் வட்டமாகிவிட்டது. ஆனால் படம் நடுவில் சதுரமாக நிற்க, இடமும் வலமும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பட்டை.

இவருக்குப் பட்டை ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கே ஜெயித்தார். ஒரு வாரம் ஜெயித்துக்கொண்டே இருந்தார். சாம்பாரில் உப்பும் சரியாக இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய திரையை வாங்கிவிட்டு இரண்டு பக்கமும் திரைச்சீலை போட்டது போல மூடி வைப்பதா? என் குணம் அப்படி. சட்டியில் ஒட்டியதைக்கூட வழித்துத்தான் வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரபு வந்தான். இவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் நான் மெதுவாகச் சொன்னேன். "டேய், அந்த கறுப்புப் பட்டைய எடுத்துட்டு, சக்கரமும் கெடாம பண்ண முடியுமா?"

"பண்ணலாம்க்கா. படத்த இழுக்கக் கூடாது. ரோட்டையே ரெண்டு பக்கமும் கூடுதலா காட்டணும். ஒரு ஃபைலுல நம்பர மாத்தணும், அவ்ளோதான்."

ஏதோ ஃபைலைத் திறந்தான், மானிட்டரின் அளவைத் தட்டினான், விளையாட்டைப் போட்டுக் காட்டினான். எனக்கு வாய் பிளந்துவிட்டது. பட்டை இருந்த இடத்தில் இப்போது மரம், கடை, பக்கத்துத் தெரு, அங்கிருந்து வரும் வண்டி எல்லாம் தெரிந்தது. சக்கரமும் தட்டு மாதிரி வட்டம். "மாமாகிட்ட சொல்லாத, அவரே கண்டுபிடிக்கட்டும்" என்று பிரபு கண்ணடித்தான்.

இவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். வழக்கம்போல நாற்காலியைத் திரைக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு, நடுரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்ட ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்று இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தோம். ஒரு சுற்று முடிந்தது. மனிதர் அடுத்த சுற்றை ஆரம்பித்தார்.

பிரபு பொறுமையிழந்து கேட்டான். "எப்படி இருக்குது மாமா?"

"இன்னா எப்படி?"

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலையா?"

"ஒண்ணும் இல்லையே மச்சான். அதேதான இருக்குது."

பிரபு சிரித்தான். மாமா கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போது திரையின் வலது ஓரத்தில், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு லாரி வந்தது. ஓடிவரவில்லை, சாவகாசமாக வந்தது. நான் பார்த்தேன், பிரபு பார்த்தான். இவர் நேரே போய்க்கொண்டே இருந்தார். லாரி இடித்து கார் உருண்டது.

"எங்கேர்ந்துடா வந்தான் இவன்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கேள்வி என் காதில் முன்பே விழுந்திருந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து வந்த அன்றைக்கும் இதே வார்த்தைதான், இதே குரல்தான். போன மாதம் முக்காலியில் முட்டி இடித்துக்கொண்டது, கோவில் வாசலில் யார் யார் மேலோ தோளை இடித்துக்கொண்டு வந்தது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

பிரபுவை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அவசரப்படாத. டாக்டர்கிட்ட காட்டினப்புறம் பேசிக்கலாம். இப்பவே சொன்னா மனுசன் ஒடிஞ்சு பூடுவாரு. முதலாளி காதுல விழுந்தா வேலையும் பூடும்."

"நாளைக்கு காலையில வண்டி எடுக்கறாரேடா" என்றேன்.

திரும்பி வந்தேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "ஏங்க, அந்தக் காரையே பாத்துக்கினு இருங்க. கண்ண அந்தாண்ட இந்தாண்ட திருப்பக் கூடாது. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்குதா, இல்லையா? சொல்லுங்க."

"இன்னா மேரி, பரிச்சை வெக்கறியா?"

"ஆமா. சொல்லுங்க."

"இருக்குது" என்றார். இல்லை. பிரபு பழைய அளவுக்கு மாற்றிப் பட்டையைக் கொண்டுவந்தான். "இப்ப?" என்றேன். "இப்ப எடுத்துட்டான்" என்றார். மறுபடி மாற்றினான், மறுபடி தப்பு. குருட்டுவாக்கில் சொல்கிறார் என்று அவருக்கே தெரிய ஆரம்பித்து, குரலில் எரிச்சல் ஏறியது.

"என் கண்ணுக்கு இன்னா கேடு? அதோ காலண்டருல நல்ல நேரம் போட்டிருக்கறான் பாரு, பொடி எழுத்து, படிக்கட்டுமா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்தும் காட்டினார். ஒரு எழுத்து பிசகவில்லை.

"நடுவுல இருக்கறது எல்லாம் உங்களுக்கு நல்லா தெரியுதுங்க. ஓரத்துல இருக்கறதுதான் தெரியல. இப்ப தலைய திருப்பிப் பாருங்க."

அவர் தலையைத் திருப்பினார். திரையின் இடது ஓரத்தைப் பார்த்தார். பிறகு வலது ஓரத்தைப் பார்த்தார். அங்கே மரமும் கடையும் பக்கத்துத் தெருவும் இருந்தன. மறுபடி நடுவில் கண்ணை வைத்தார். மறுபடி ஓரத்துக்குப் போனார். அப்படியே கொஞ்ச நேரம் போய் வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் என்னைப் பார்க்காமலே கேட்டார். "மேரி, அந்த மல்லாட்டை வண்டி. அவன் ஓரமாதான் நின்னுக்கினு இருந்தானா?"

"ஆமாங்க. கண்டக்டர் நடராசன் அன்னிக்கே என்கிட்ட சொன்னாரு."

"அவன் டீ குடிக்கப் போயிருந்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பிரபு பதறிப்போய், "மாமா, ரெண்டு நாள் லீவு மட்டும் கேளுங்க, காரணம் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். இவர் அவன் கையை மெதுவாக விலக்கினார்.

"மொதலாளி, நாதன் பேசறேன். நாளைக்கு வண்டிக்கு வேற ஆள போடுங்க. இல்லீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஓரத்துல வர்றது எனக்குத் தெரியல. ஆமாங்க. கண்ணுதான். சாவிய இப்பவே மச்சான்கிட்ட குடுத்தனுப்பறேன்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரை நான் திட்டாத நாள் இல்லை, பிடிக்காத நாளும் இல்லை. ஆனால் அந்தப் போனை வைத்தபோது பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை. அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, தவக்காலமானாலும் பரவாயில்லை என்று அவருக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார்.

விழுப்புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. வலிக்காது, சொல்லாமல் கொள்ளாமல் வரும். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும். "எப்படி கண்டுபிடிச்சீங்க? எங்கயாவது மோதினதுக்கப்புறம்தான் முக்கால்வாசிப் பேர் வர்றாங்க" என்று கேட்டார். கார் விளையாட்டு என்று சொன்னால் சிரிப்பாரோ என்று நான் தயங்கினேன். இவரே, மானிட்டர் வாங்கியதிலிருந்து ஒன்று விடாமல் விவரமாகச் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது எங்கள் பஸ்தான் கிடைத்தது. ஸ்டியரிங்கில் ஒரு புதுப் பையன் இருந்தான். நடராசன் ஓடிவந்து முன்சீட்டில் உட்காரச் சொன்னார். "வேணாம்பா. முன்னாடி உக்காந்தா கால் பிரேக்க தேடும்" என்று சொல்லிவிட்டு, இவர் நடுவில் ஒரு ஜன்னலோர சீட்டில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பஸ்ஸில் அவர் பயணியாக உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னல் பக்கம் ஒரு ஏரி வந்தது. கரை வரைக்கும் தண்ணீர், நடுவில் கொக்குகள். இவர் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தார்.

"மேரி, இது எந்த ஏரி?"

"இன்னாங்க இது, தினமும் இத தாண்டித்தான போய்க்கினு இருந்தீங்க."

"போனேன். பாத்ததில்ல."

ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் ஓட்டியதால்தான் அத்தனை வருஷமும் அத்தனை ஜனங்களும் பத்திரமாக இறங்கி வீட்டுக்குப் போனார்கள். பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஏரி முடிகிற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.