மோய்னோக்கின் விலாவில் ஒரு கட்டி

ஏப்ரல் கடைசியில், மந்தைக்குக் காவல் இருக்கும் நாய் மோய்னோக்கின் இடது விலாவில் ஒரு கட்டி இருப்பதைப் புருல்சுன் கண்டாள். அவள் கணவர் ஜுமகாதிர் குனிந்து பார்த்துவிட்டு, ஈப்புழு என்றார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் இருக்கும் நாரின் மலைவட்டாரத்தில் மாடுகளுக்கு வசந்தத்தில் முதுகெல்லாம் கட்டி எழும். தோலுக்கடியில் ஈயின் புழு வளர்ந்துகொண்டிருக்கும். கட்டியின் உச்சியில் ஓட்டை விழுந்ததும் இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் புழு வெளியே வந்துவிடும். முப்பது வருடமாக அவர் அப்படித்தான் எடுத்துவருகிறார்.

"இன்னும் பழுக்கல. ஓட்டை விழட்டும்," என்றார்.

"நாய்க்கு அது வந்து எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"மாட்டுக்கு வருதுல்ல."

அன்று புருல்சுன் உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கட்டியின் அளவுக்கே ஓர் உருண்டை பிடித்து அலமாரியில் தனியாக வைத்தாள். வாரம் ஒருமுறை நாயைப் படுக்கவைத்து, உருண்டையைக் கட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் வாரமே கட்டி சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த வாரம் இன்னும் பெரிது. நான்காம் வாரம் உருண்டை கட்டியில் முக்கால்தான் இருந்தது.

அந்தப் புதன்கிழமை ஆடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டுவதாக ஏற்பாடு. மேலே போய்விட்டால் செப்டம்பர் வரை மருத்துவர் என்ற பேச்சே கிடையாது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றாள் திங்களன்று.

"செவ்வாய்க்கிழமை யாராவது ஊருக்குக் கெளம்புவாங்களா?"

"அப்ப நீங்க இருங்க. நானும் அதுவும் போறோம்."

அவர்தான் வண்டி ஓட்டினார்.

கால்நடை மருத்துவர் ஷரீபாவுக்கு நாற்பது வயது இருக்கும். கட்டியைத் தொடுவதற்கு முன் பத்துக் கேள்வி கேட்டார். நக்குதா? சாப்பிடுதா? எப்பப் பாத்தீங்க? அப்ப எவ்வளவு இருந்துச்சு?

கடைசிக் கேள்விக்குப் புருல்சுன் துணி முடிச்சை அவிழ்த்து உருண்டையை மேஜைமேல் வைத்தாள்.

ஷரீபா அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கவில்லை.

"அக்கா, இத எப்ப உருட்டுனீங்க?"

"கட்டியப் பாத்த அன்னிக்கே."

"ஈரமா இருந்துச்சா?"

புருல்சுன் உருண்டையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தயிர் உருட்டுகிறவள்.

"காஞ்சு சுருங்கியிருக்கு," என்றார் ஷரீபா. "கட்டி வளந்துச்சா இல்லையான்னு இத வச்சுச் சொல்ல முடியாது."

ஜுமகாதிர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப வளரல. வா, போகலாம்."

"உக்காருங்கண்ணே. வளரலன்னு நான் சொல்லல." ஷரீபா கட்டியை விரல்களுக்கிடையில் பிடித்து அசைக்கப் பார்த்தார். "கொழுப்புக் கட்டின்னா பெரும்பாலும் மெத்துன்னு இருக்கும், நழுவும். இது அடியில பிடிச்சிருக்கு. மேல முடி கொட்டியிருக்கு. இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தாலே கூட்டிட்டு வரணும். இத யாராவது அமுக்குனீங்களா?"

ஜுமகாதிர் ஜன்னலைப் பார்த்தார்.

"மூணு தடவை," என்றாள் புருல்சுன்.

"எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான்," என்றார் அவர். பிறகு, "மூணுதான்," என்றார்.

ஊசியைக் குத்தி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஷரீபா நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். இருவரும் காத்திருந்தார்கள். மோய்னோக் தூங்கியது.

"நல்ல கட்டி இல்ல. ஆனா சின்னது. இன்னிக்கே சுத்திலும் அகலமா வெட்டி எடுத்தா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. செப்டம்பர்ல கொண்டுவந்திருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது."

"நாளைக்கு மலைக்குப் போறோம்," என்றார் ஜுமகாதிர். "அங்க ஓநாய் இருக்கு."

"ஓடக் கூடாதுண்ணே."

அவர் நாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "வெட்டுங்க," என்றார்.

புதன்கிழமை அவர் ஆடுகளோடு தனியாகவே ஏறினார். தையல் பிரித்த மறுநாள் புருல்சுன் நாயோடு லாரியில் வந்து சேர்ந்தபோது, கணவரின் குரல் கட்டிப்போயிருந்தது. சளியா என்று கேட்டாள். இல்லை என்றார். பக்கத்து மேய்ச்சல் முகாம்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்: இருட்டியதும் ஜுமகாதிரே பட்டியைச் சுற்றி வந்து குரைத்திருக்கிறார். ஓநாய் ஒரே ஓர் ஆட்டைத்தான் கொண்டுபோயிருந்தது.

தேநீர்கூடக் குடிக்காமல் ஜுமகாதிர் மோய்னோக்கை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் தடவினார். வயிற்றில் கை நின்றது.

"புருல், இங்க ஒண்ணு இருக்கு. சின்னதா."

அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"அது முலைக்காம்பு. ஆண் நாய்க்கும் உண்டு. உங்களுக்குக்கூட இருக்கு."

அவர் மறுபக்கமும் தடவிப் பார்த்தார். அங்கேயும் ஒன்று இருந்தது.

"எதுக்கும் தேதி போட்டு எழுதி வை," என்றார்.