ஈயம் ஒட்டிய செங்கோடன்

எருமப்பட்டிச் சாலையில் வீல் பேலன்சிங் கடை வைத்திருக்கும் செங்கோடன் மேல் போன சித்திரையிலிருந்து ஈயக்கட்டிகள் வந்து ஒட்டுகின்றன. சக்கரம் ஆடாமல் சுழல ரிம்மின் விளிம்பில் பதிக்கும் சின்னக் கட்டிகள்தான். ஈயம் காந்தத்துக்கே ஒட்டாது. இவனிடம் மட்டும், கடைத் தட்டிலிருந்து ஈசல்போல எழும்பி வந்து வலது கையிலும் தோளிலும் உட்கார்ந்தன. மனைவி அத்தாயி தேங்காயெண்ணெய் தடவிப் பிய்த்துப் போட்டாள். விடிந்தால் மறுபடி இருந்தன. “ஊரே பாக்குது. என்ன பண்ணுனீங்கன்னு சொல்லித் தொலைங்க” என்றாள். அவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டான்.

பண்ணியது அவனுக்குத் தெரியும். ஆட்டையாம்பட்டி நவநீதகிருஷ்ணன், வேகம் எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று காரைக் கொண்டுவந்திருந்தார். கடையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் சக்கரத்தைக் கழற்றாமலேயே, “சீட்டு ஆடுனா பின்சக்கரமுங்க, ஸ்டியரிங் ஆடுனா முன்சக்கரம். இது வெறும் பேலன்ஸ்தானுங்க” என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். கழற்றிய பிறகுதான் டயரின் உட்பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவு புடைப்பைப் பார்த்தான். அது தூக்கிப் போடவேண்டிய டயர். ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மிஷின் பூஜ்யம் காட்டும்வரை ஈயத்தைப் பதித்து, புடைப்பு தெரியாமல் மாட்டி அனுப்பினான். ஊர் எல்லையில் டயர் வெடித்து, கார் புளியமரத்தில் மோதியது. நவநீதகிருஷ்ணனுக்குச் சிராய்ப்பு. அவர் மனைவி கிருத்திகாவின் வலது முழங்கை நொறுங்கி, அதன்பின் மடங்கவேயில்லை. சேதி கடைக்கு வந்தபோது, “ரோடு சரியில்லீங்க” என்று சொன்னவனும் செங்கோடன்தான். முதல் கட்டி எழும்பியது அப்போது.

ஆடியில், ஈயத்தின் கனத்தால் வலப்பக்கம் சாய்ந்தபடி அவர்கள் வீட்டுக்குப் போனான். கிருத்திகா காப்பி கொண்டுவந்தாள். “இடது கையில தர்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க.” அவனால் டம்ளரை வாங்க முடியவில்லை.

“டயர்ல பொடப்பு இருந்துச்சுங்க. பாத்தனுங்க. சொன்ன பேச்ச மாத்த வெக்கப்பட்டு மறச்சுட்டனுங்க.”

நவநீதகிருஷ்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கிருத்திகா அவரைத் தடுத்துவிட்டுக் கேட்டாள்: “அன்னைக்கே சொல்லியிருந்தா வேற டயர் மாட்டிட்டுப் போயிருப்போம். அவ்வளவுதானுங்களே?”

“அவ்வளவுதானுங்க.”

அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

சொல்லிவிட்டால் உதிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தான். ஒன்றுகூட உதிரவில்லை. மறுநாள் அரைக்கைச் சட்டையோடு கடை திறந்தான். இப்போதெல்லாம் டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். நாமக்கல் பஸ்ஸில் அவன் ஏறினால், வலப்பக்கக் கனத்தில் வண்டி சாயாமலிருக்கக் கண்டக்டர் இடப்பக்கச் சன்னலோரம் உட்காரவைத்து, எல்லாரையும் போலவே டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்.