காய வைத்த மாத்திரை

ஒரு நாளும் விடாமல் மாத்திரை விழுங்கியும் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று வெல்டருக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மா நம்பவில்லை. "உண்மையச் சொல்லுங்க தம்பி, நடுவுல விட்டீங்கதானே?" என்றார். செத்துத் தொலையலாம் என்ற பழைய நினைப்பு, சாவி வைத்திருப்பவன்போல மறுபடி அவனுக்குள் வந்து உட்கார்ந்தது.

வீட்டில் மாத்திரைக்கு இடமில்லை. முதல் பாட்டிலைக் கண்டதுமே அண்ணன் பெல்ட்டைக் கழற்றி அவன் முதுகை உரித்தான். பாட்டிலைச் சாக்கடையில் எறிந்தான். குடும்ப மானமாம். அதன்பின் மாத்திரைகள் பட்டறைக்குக் குடிபோயின.

அங்கே அவன் தேர்ந்த இடத்துக்குக் காரணம் உண்டு. வெல்டிங் ராடின் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈர ராடால் பற்றவைத்தால் இணைப்பின் வயிற்றுக்குள் பொடிப்பொடியாக ஓட்டை விழும். வெளியே தெரியாது, பாரம் ஏறும்போது பிளந்துகொள்ளும். அதனால் ராடுகளை எந்நேரமும் சூடான ஓவனில் வைத்திருப்பார்கள். மாத்திரை பாட்டிலிலும் 'ஈரம் படக்கூடாது' என்றிருந்தது. வெல்டரின் மூளை வெல்டரைப் போலவே யோசித்தது. பிளாஸ்டிக் உருகுமே என்று தகர டப்பாவுக்கு மாற்றும் அளவுக்கு முன்யோசனை வேறு.

அன்று அந்த ஓவனில் ராடு எடுக்கப் போனவன் ஃபிட்டர். ஆளின் உடம்பைப் பார்த்து 'மலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கையுறையோடு டப்பாவை எடுத்துத் திறந்தான்.

"என்னடா இது, வறுத்து வெச்சிருக்க?"

வெல்டர் சுத்தியலால் பதில் சொன்னான். அது மலையின் தோளில் இறங்கியது. மலை விட்ட குத்தில் வெல்டரின் உதடு கிழிந்தது. அடுத்ததில் அவன் முதுகு இரும்பு மேசையில் மோதி, மேலிருந்த கருவிகளெல்லாம் சிதறின. தரையில் கிடந்தபடியே சுத்தியலைத் துழாவினான். மலை அவன் கழுத்தை நெரிக்கக் குனிந்தான்.

"கிட்ட வராத. ரத்தம் வருது. எனக்கு எச்.ஐ.வி."

மலையின் கை அந்தரத்தில் நின்றது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு மலை கந்தல் துணியொன்றை அவன்மேல் எறிந்தான். "நீயே அழுத்திப் பிடி."

தோளைத் தேய்த்துக்கொண்டே டப்பாவுக்குள் பார்த்தான். வெள்ளை மாத்திரைகள் பழுப்பேறி வெடித்திருந்தன.

"இதுக்காகவா என்னக் கொல்லப் பாத்த?"

"நான் பொழைக்கிறதுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அத ஏண்டா அடுப்புல போட்ட, அறிவுக்கொழுந்தே? என் பிரஷர் மாத்திரையில சூடு படக்கூடாதுன்னு போட்டிருக்கான். உன்னுதுல போடலயா?"

போட்டிருந்தது, ஈரத்துக்கு அடுத்த வரியிலேயே. இத்தனை நாளும் அவன் விழுங்கியது வெந்து சக்தி போன மருந்து. வெல்டர் சிரித்தான். உதடு வலித்தது. பிறகு அழுதான்.

மறுநாள் மலையும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தான். "இவன் பொய் சொல்லல மேடம், சமைச்சிட்டான்" என்று டப்பாவை மேசையில் வைத்தான். டாக்டர் வேறு மாத்திரை எழுதினார்.

அது இப்போது ஓவனுக்கு எட்டாத மூலையில், மலையின் லாக்கரில், பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவி இருவரிடமும் உண்டு. காலை டீயோடு இருவரும் சேர்ந்து விழுங்குகிறார்கள்; லீவு நாளில் மலையின் வீட்டில். கிருமி இறங்கிக்கொண்டிருக்கிறது.